பேராண்டி பாட்டும் அப்பத்தா பாட்டும்

2021-ல் ‘எஞ்சாயி எஞ்சாமி’க்கு ஆடியவன் நான். 2024-ல் அறிவின் ‘வள்ளியம்மா பேராண்டி’ ஆல்பம் வந்ததும் விடிய விடியக் கேட்டேன். வள்ளியம்மா, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அவர் பாட்டி.

குறை ஒன்றுதான். ராப் வேகத்தில் சில நல்ல வரிகள், மனதில் நிற்பதற்குள் ஓடிவிடுகின்றன.

ஆவூரில் அப்பத்தாவுக்குப் போட்டுக் காட்டினேன். “பாட்டு வெளங்கல. ஆனா பாட்டி பேரை வச்சிருக்கான் பாரு!” என்றவர், கண்டிச்சீமைக்குப் போன தன் அத்தை பாடிய தாலாட்டை மெல்ல முனகினார். நான் கேட்டதே இல்லை. போனில் ரெக்கார்டிங்கைத் தேடுவதற்குள் முடிந்துவிட்டது.

“இன்னொருக்கா பாடு அப்பத்தா.”

“மறந்துபோச்சுய்யா.”

ஆல்பத்துக்கு 100-க்கு 80 மார்க். எனக்கு 0. உங்கள் வீட்டுப் பாட்டியிடம் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.