கீபோர்டில் எழுத்து அழிந்தால் யாருக்கு நஷ்டம்?

என் சைக்கிளுக்கு நான்கு வயதாகிறது. கிராங்க் கருப்பு நிற அலுமினியம். ஷூவின் உள்பக்கம் உரசும் இடத்தில் மட்டும் கருப்பு போய், வெள்ளி மாதிரி பளிச்சென்று தெரிகிறது. ரிம்மில் பிரேக் கட்டை பிடிக்கும் ஓரத்தில் கருப்பு சில மாதங்களிலேயே காணாமல் போய்விட்டது. பிரேமின் பவுடர் கோட்டிங் மட்டும் அப்படியே இருக்கிறது. பூட்டுச் சங்கிலி இடித்த இரண்டு இடங்களில் சில்லு பெயர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். எல்லாம் ஒரே வண்டி, ஒரே வெயில், ஒரே மழை.

கம்ப்யூட்டர் இதழில் சைக்கிள் கதை எதற்கு என்கிறீர்களா? அந்த கிராங்க்கும் பல அலுமினிய லேப்டாப்களின் மூடியும் ஒரே முறையில்தான் நிறம் பெறுகின்றன. அனோடைஸிங் என்பார்கள். அலுமினியத்தை கந்தக அமிலக் கரைசலில் வைத்து மின்சாரம் செலுத்தினால் அதன் மேற்பரப்பே ஆக்ஸைடாக மாறும். அதிலுள்ள நுண்ணிய துளைகளில் சாயத்தை ஏற்றி, பிறகு வெந்நீரில் துளைகளை அடைத்துவிடுவார்கள். பெயிண்ட் போல மேலே பூசியது அல்ல, உலோகத்திலிருந்தே வளர்ந்தது. அதனால் உரிந்து வராது. ஆனால் அலங்காரத்துக்குச் செய்வது பெரும்பாலும் 5 முதல் 25 மைக்ரான் தடிமன்தான். ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லை. தினமும் உரசினால் ஒரு நாள் உள்ளே இருக்கும் உலோகம் வெளியே தெரியத்தான் செய்யும். 2012-ல் கருப்பு ஐபோன் 5 வாங்கிய பலர் ஓரமெல்லாம் வெள்ளையாகிவிட்டது என்று புலம்பினார்கள். அடுத்த ஆண்டு வந்த 5எஸ்-ல் அந்தக் கருப்பு இல்லை, வெளிர் சாம்பல்தான். என்னைக் கேட்டால், தினமும் பையில் போட்டு எடுக்கும் லேப்டாப்புக்கு சில்வர்தான் சரி. தேய்ந்தாலும் தேய்ந்தது தெரியாது.

லேப்டாப் மூடி தேய்ந்தால் அழகு போகும். வேலை நிற்காது. கீபோர்டு அப்படியல்ல. இதை எனக்குப் புரிய வைத்தது அம்மா.

அம்மா 58 வயதில் தமிழ்99 முறையில் டைப் செய்யக் கற்றுக்கொண்டார். தாத்தாவின் நோட்டுப் புத்தகங்களை கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்பது அவர் ஆசை. நான்தான் விலை குறைந்த ஒரு கீபோர்டை வாங்கி, அதன் மேல் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தேன். தினமும் ஒரு பக்கம் முடித்துவிடுவார். எட்டு மாதம் கழித்து ஊருக்குப் போனபோது கீபோர்டு மேல் துணி போட்டு மூடியிருந்தது. நோட்டுப் புத்தகம் பாதியில் நின்றிருந்தது. துணியை எடுத்துப் பார்த்தேன். அ, க, ம, த எல்லாம் வெறும் வெள்ளைக் கட்டம். புள்ளி வைக்கும் எஃப் கீயில் ஸ்டிக்கரே இல்லை. "எழுத்து தெரியலப்பா, எத்தனை தடவை உனக்கு போன் போட்டுக் கேக்கறது?" என்றார். கீபோர்டைப் பார்க்காமலே டைப் செய்யும் நமக்கு இது ஒரு பிரச்னையே இல்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுபவருக்கு எழுத்து அழிந்தால் கீபோர்டே பழுதான மாதிரிதான். சர்வீஸ் சென்டரில் கேட்டதற்கு, தேய்மானத்துக்கு வாரண்டி கிடையாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஸ்டிக்கருக்கு அவர்கள் பொறுப்பில்லைதான். ஆனால் அதன் அடியில் இருந்த ஆங்கில எழுத்துகளும் பாதி போயிருந்தனவே!

இதில் ரகசியம் எதுவும் இல்லை. மலிவான கீபோர்டுகளில் எழுத்தை ஏபிஎஸ் பிளாஸ்டிக் மேல் மையால் அச்சிடுகிறார்கள். நகத்தால் தடவினால் லேசாக மேடு தட்டும். விரலின் எண்ணெயும் வியர்வையும் உரசலும் சேர்ந்து அதை அழித்துவிடும். பிளாஸ்டிக்கும் வழவழவென்று மினுங்க ஆரம்பிக்கும். சாயத்தை பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஊடுருவ வைப்பது இன்னொரு முறை. 1985-ல் வந்த ஐபிஎம் மாடல் எம் கீபோர்டில் அதைத்தான் செய்தார்கள், அதுவும் பிபிடி என்ற கடினமான பிளாஸ்டிக்கில். இன்றும் எழுத்து தெளிவாக உள்ள பழைய மாடல் எம்-கள் நிறைய இருக்கின்றன. எழுத்தையே வேறு நிற பிளாஸ்டிக்கில் வார்க்கும் டபுள் ஷாட் முறையில் அழிய எதுவுமே இல்லை. கீயைக் கழற்றி அடியில் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு நிறம் தெரியும். உப்பு நிறையக் கரைத்த தண்ணீரில் போட்டால் ஏபிஎஸ் மிதக்கும், பிபிடி மூழ்கும். (கடையில் இதைச் செய்ய விடமாட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகு செய்து பார்க்கலாம்.)

என் கோபம் என்னவென்றால், தேய்மானத்தை அளக்கத் தெரியாதவர்கள் இல்லை இவர்கள். யுஎஸ்பி சி கனெக்டர் 10,000 முறை செருகி எடுத்தாலும் தாங்க வேண்டும் என்று தர அளவே இருக்கிறது. மெக்கானிக்கல் கீபோர்டு பெட்டியில் ஸ்விட்ச் 5 கோடி அழுத்தம் தாங்கும் என்று பெரிதாகப் போடுகிறார்கள். அந்த ஸ்விட்சுக்கு மேலே இருக்கும் எழுத்து எத்தனை அழுத்தம் தாங்கும் என்று மட்டும் போடுவதில்லை. விளையாட்டுப் பிரியர்களுக்கான விலை உயர்ந்த கீபோர்டில் 'டபுள் ஷாட் பிபிடி' என்பது விளம்பர வாசகம். வீட்டுக்கு வாங்கும் சாதாரண கீபோர்டின் பெட்டியில் அச்சு முறை பற்றி ஒரு வார்த்தை இருக்காது. விமர்சனம் எழுதுபவர்களும் பெட்டியைப் பிரித்த வாரத்திலேயே எழுதி முடித்துவிடுகிறார்கள். ஒரு வருடம் கழித்து அதே பொருளை எடுத்துப் பார்த்து அரைப் பக்கம் எழுதினால் என்ன? நம் இதழிலேயே ஆரம்பிக்கலாமே!

ரப்பர் போல மெத்தென்று இருக்கும் மவுஸ்கள் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தப் பூச்சு பாலியூரிதேன். காற்றின் ஈரத்தில் நாளடைவில் சிதைந்து பிசுபிசுப்பாகிவிடும். கடலோர ஊர்க்காரர்கள் சாதாரண பிளாஸ்டிக் மவுஸே வாங்குங்கள். ஏற்கெனவே பிசுபிசுத்திருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, அந்தப் பூச்சை முழுவதும் எடுத்துவிடலாம்.

அம்மாவுக்கு இந்த முறை வேறு வகை ஸ்டிக்கர் வாங்கினேன். எழுத்து மேலே இல்லை, கண்ணாடி போன்ற தாளின் அடிப்பக்கம் அச்சிட்டிருக்கிறது. விரல் படுவது வெறும் தாளில்தான். ஒட்டி ஐந்து மாதமாகிறது. க இன்னும் க-வாகவே இருக்கிறது. தாத்தாவின் மூன்றாவது நோட்டுப் புத்தகம் ஓடிக்கொண்டிருக்கிறது.