டாக்டரா? டீச்சரா?

போன ஞாயிறு ஜெயநகரில் ஒரு நிச்சயதார்த்தம். பந்தியில் சாம்பார் வாளி வருவதற்குள் ஒரு மாமா ஆரம்பித்துவிட்டார். "உங்க வீட்டம்மாவோட அக்கா பொண்ணு ஆஸ்பத்திரி வேலையை விட்டுட்டாளாமே? ஃபிஸியோதெரபின்னாலே பாதி டாக்டர். இப்ப யுனிவர்சிட்டியில அனாடமி வாத்தியாராம். இறங்கிக்கிட்டே போறாளே!"

சபை நாகரிகம் கருதி அங்கே பாயசத்தைக் குடித்தேன். இங்கே கொட்டிவிடுகிறேன்.

அடியேன் வெறும் பி.காம். இரண்டு வருஷம் முன்னால் எனக்கு ஃப்ரோஸன் ஷோல்டர். சட்டை மாட்டவே தங்கமணி தயவு வேண்டும். வைத்தியம் பார்த்தது இதே பெண்தான். ஒரு நாள் கை நன்றாக மேலே போகிறதென்று பெருமையாக நின்றேன். முதுகில் கைவைத்துப் பார்த்தவள், "சித்தப்பா, நீங்க கையைத் தூக்கலை, தோள்பட்டையைத் தூக்கி ஏமாத்துறீங்க" என்றாள்.

கையை முழுசாக உயர்த்தும் 180 டிகிரியில் தோள் மூட்டின் பங்கு சுமார் 120, தோள்பட்டை எலும்பின் பங்கு சுமார் 60 என்பது பாடம். என் மூட்டு தன் தவணையைக் கட்டாமல் பக்கத்துக் கணக்கில் கை வைத்திருக்கிறது. வாராக்கடன் பிடிக்கிற எனக்கே தெரியவில்லை!

மக்களே, கேடவரை அறுத்துப் பார்த்தால் தசை எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரியும். அது ஸ்டிரைக் செய்தால் பக்கத்துத் தசை எப்படி ஓவர்டைம் பார்க்கும் என்பது உயிருள்ள உடம்பில்தான் தெரியும். எட்டு வருஷம் அதைத் தொட்டுப் பார்த்தவள் வகுப்பில் நிற்பது இறக்கமா? பாங்க் பயிற்சி வகுப்பிலும், கவுண்டரில் கள்ளநோட்டு பிடித்தவர் பேசினால்தான் யாரும் தூங்குவதில்லை.

பட்டத்து மோகம் மாமாவோடு நிற்கவில்லை. 2021ல் ஃபிஸியோதெரபி உள்ளிட்ட துறைகளுக்கென்று தேசிய ஆணையம் அமைக்கச் சட்டம் வந்தது. 2025ல் வந்த புதுப் பாடத்திட்டம், பெயருக்கு முன்னால் 'டாக்டர்', பின்னால் 'பி.டி.' போடலாம் என்றது. அதே வருஷம் செப்டம்பர் 9ந் தேதி, போடக்கூடாது என்று மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகத்தின் கடிதம். மறுநாளே வாபஸ்!

நோயாளி குழம்பக்கூடாது என்று டாக்டர்கள் கவலைப்படுவது நியாயம்தான். ஆனால் ஒரு அடைமொழிக்கு இத்தனை சண்டை போட்டவர்கள், அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது யார் என்று கேட்டார்களா?

படித்த கையோடு, நோயாளியையே தொடாமல் பாடம் எடுக்க வருபவர்களும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அதற்காகத்தான் சொல்கிறேன், தொட்டுப் பார்த்தவர்கள் வந்தால் கேலி செய்து துரத்தாதீர்கள். அவர்களின் ஆஸ்பத்திரி வருஷங்களைச் சம்பளத்தில் சேருங்கள். வாரத்தில் ஒரு நாளாவது நோயாளி பார்க்க அனுப்புங்கள்.

பிளஸ் டூ, பியுசி பிள்ளைகளோடு கல்லூரி பார்க்கப் போகும் பெற்றோரே, ஹாஸ்டல் சாப்பாட்டை விசாரிக்கும்போது இதையும் கேளுங்கள்: அனாடமி எடுப்பவர் எத்தனை வருஷம் நோயாளி பார்த்தவர்?

மாமா, நாளைக்கு உங்கள் முழங்காலைத் தொடப்போவது அவளுடைய மாணவர்களாக இருக்கலாம். ஒழுங்காகப் படித்து வரட்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.

என் சட்டையை இப்போது நானே மாட்டிக்கொள்கிறேன்.