எந்தப் பக்கத்தைப் படித்தீர்கள்?

சீன நாவலாசிரியர் மோ யான் அந்நாட்டு அரசின் ஊதுகுழல் என்று தீர்ப்பெழுதியிருக்கும் விமர்சகர் எடுத்த எடுப்பிலேயே சாட்சிக்கு இழுப்பது அந்தப் புனைபெயரை. 'பேசாதே' என்று பெயர் சூடியவர் கோழைதானே என்கிறார். 1955இல் காவ்மி வட்டாரத்தில் பிறந்த குவான் மோயே என்ற வாயாடிப் பையனை, வெளியில் வாயைத் திறக்காதே என்று பெற்றோர் அதட்டி வளர்த்தது எந்தக் காலத்தில் என்று அவருக்குத் தெரியுமா? அந்த அச்சத்தையே பெயராக்கிக்கொண்டு பத்து நாவல்களுக்கு மேல் பேசித் தீர்த்தவரை ஊமை என்று சொல்ல, அவரைப் படிக்காதவரால்தான் முடியும்.

அரசை உறுத்தும் எதையும் அவர் எழுதவில்லையாம். 1987இல் ஷாண்டோங்கில் பூண்டு பயிரிடத் தூண்டிய அதிகாரிகள் கொள்முதலில் கைவிரிக்க, விளைச்சல் அழுக, கொதித்தெழுந்த விவசாயிகள் அரசு அலுவலகத்துக்குள் புகுந்தார்கள். மறு ஆண்டே அது மோ யானின் நாவலானது. அதில் அவர்களுடைய வழக்கைத் தெருவில் நின்று பாடுகிறான் ஒரு பார்வையற்றவன். பாடும் வாயிலேயே உதைக்கிறான் போலீஸ்காரன். ஊதுகுழல் எழுதுகிற காட்சியா இது?

'தவளை' நாவலை விமர்சகர் புரட்டியிருந்தாலே போதும். ஒற்றைக் குழந்தைக் கொள்கையைக் கட்சி விசுவாசத்தோடு நிறைவேற்றும் மருத்துவச்சி அத்தை, தெப்பத்தில் தப்பியோடும் கர்ப்பிணி வாங் டானைப் படகில் துரத்துகிறாள். நெருங்கும் நேரத்தில் வலி கண்டுவிடுகிறது. கருவைக் கலைக்க வந்த கைகளே குழந்தையை வாங்கி எடுக்கின்றன, தாய் பிழைக்கவில்லை. அத்தையை அரக்கியாக்கி நம்மைத் தப்பவிடாத இந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு இரவில் தூங்க முடியாமல் கிடந்தவன் நான்.

மோ யான் கதைகளின் மாயம் மார்க்கேஸிடம் வாங்கிய இரவல் என்பது அடுத்த குற்றச்சாட்டு. அதே ஷாண்டோங்கில் 17ஆம் நூற்றாண்டிலேயே பேய்க்கதைகளும் நரிக்கதைகளும் எழுதிக் குவித்த பு சோங்லிங்கைக் கேள்விப்படாதவர் சீன இலக்கியத்துக்குத் தீர்ப்புச் சொல்ல வரலாமா?

கலை இலக்கியம் கட்சிக்குப் பணிய வேண்டும் என்ற மாவோவின் யேனான் உரையை மோ யான் 2012இல் கைப்பட நகலெடுத்துக் கொடுத்தது வெட்கக்கேடு. தணிக்கையை விமான நிலையச் சோதனையோடு ஒப்பிட்டது அதைவிடத் தவறு. இரண்டுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் தனக்கு நோபல் அறிவிக்கப்பட்ட மறுநாளே, சிறையிலிருந்த அதிருப்தி எழுத்தாளர் லியு சியாவ்போ விரைவில் விடுதலையாக வேண்டும் என்று மோ யான் சொன்னதை விமர்சகர் ஏன் விழுங்கினார்? பத்திரமான நாற்காலியில் அமர்ந்து, இன்னொருவர் சிறைக்குப் போகாததைக் குற்றப்பத்திரிகையாக்கும் வீரத்துக்கு அந்த வாக்கியம் இடைஞ்சல், அதனால்தானே?

2024இல் சீனாவில் ஒரு தேசபக்தர், மோ யான் தியாகிகளை இழிவுபடுத்திவிட்டார், தலைக்கு ஒரு யுவான் வீதம் 150 கோடி யுவான் தர வேண்டும் என்று வழக்குத் தொடுக்கக் கிளம்பினார். அவராவது நாவல்களில் கம்யூனிஸ்ட் படைவீரர்கள் வரும் இடங்களைச் சுட்டிக்காட்டிச் சண்டைக்கு வந்தார். நம் விமர்சகர் தன் கட்டுரை முழுவதிலும் ஒரு நாவலின் ஒரு காட்சியைக்கூடத் தொடவில்லை.