645 என்னும் பூச்சாண்டி

‘ரன்’ என்னும் ஆங்கில வினைச்சொல் ஒன்றுக்கே 645 பொருள்கள் உள்ளன என்ற செய்தி அவ்வப்போது தூசு தட்டப்பட்டு உலா வருகிறது. அதன் வாலில் ஒரு முடிவும் தவறாமல் தொங்கும்: இத்தகைய வளம் தமிழுக்கு வாய்க்காது. எண் பொய்யன்று. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்காகப் பீட்டர் கில்லிவர் ஏறத்தாழ ஒன்பது மாதம் உழைத்துப் பிரித்த கணக்கு அது. பொய்யானது முடிவே.

அவ்வகராதி வரலாற்று முறையில் அமைந்தது; வழக்கொழிந்த பொருளையும் அது நீக்குவதில்லை. இன்று ஆங்கிலேயர் எவரும் வாய்திறந்து சொல்லாத பொருள்களும் அத்தொகையில் அடங்கும். மேலும், ஆற்றில் நீர் ஓடுவதும் குழாயில் நீர் ஓடுவதும் ஒரு பொருளா, இரண்டா? அதைத் தீர்மானிப்பது மொழியன்று, அகராதி ஆசிரியரின் கத்தி. 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் முடிசூடியிருந்தது ‘செட்’. அதற்குச் சுமார் 430 பொருள்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் ஆங்கிலேயர் திடீரென ஓடத் தொடங்கிவிடவில்லை; பதிவு திருத்தப்பட்டது, அவ்வளவே.

தமிழின் ‘ஓடு’ என்ன குறைந்துவிட்டது? வண்டி ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, கடை ஓடுகிறது, காலம் ஓடுகிறது, நெஞ்சில் ஓர் எண்ணம் ஓடுகிறது, சுவரில் விரிசல் ஓடுகிறது. துயரம் மிகுந்தால் கையில் வேலை ஓடுவதில்லை. மூக்கு மட்டும் ஆங்கிலத்தில் ஓடும், தமிழில் ஒழுகும். தேர்தலில் அமெரிக்கர் ஓடுவர், தமிழர் நிற்பர். மிகுதியாகப் புழங்கும் சொல் மிகுதியான பொருள் ஏற்கும் என்பதை 1945இலேயே ஜிப்ஃப் எடுத்துக்காட்டினார். அது எம்மொழிக்கும் தனிப்பெருமை அன்று.

சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. ஆயினும் ஒவ்வொரு பொருளும் எந்நூற்றாண்டில் தோன்றியது என ஆண்டு குறித்துக் காட்டும் முழுமையான வரலாற்று அகராதி தமிழுக்கு இன்றும் இல்லை. எண்ணாமல் விட்டவர்களே இல்லை என்று கைவிரிப்பது விந்தை.

இதனால் அடிபடுபவர் தமிழ்வழி பயின்று வரும் மாணவர். ஆங்கிலப் பயிற்சி வகுப்பின் முதல் நாளிலேயே இந்த 645ஐக் காட்டி அவரை மிரட்டுகின்றனர். மிரட்டும் ஆசிரியருக்கே அவற்றில் எத்தனை தெரியும் என்று எவரும் கேட்பதில்லை. ‘ஓடு’ அறிந்த அம்மாணவர் ‘ரன்’ என்பதன் அன்றாடப் பொருள்களில் பலவற்றை ஏற்கெனவே கையில் வைத்திருக்கிறார். கடிகாரத்தையும் கடையையும் சுட்டிக்காட்டி அங்கிருந்து தொடங்க ஓர் ஆசிரியருக்குக் கால் மணி நேரம் போதும்.