இரத்தினபுரியில் உல்லாசப் பயணியாக ஒரு நாள்

வியாபார விடயமாக இரத்தினபுரிக்குப் பல தடவைகள் போயிருக்கிறேன். ஆனால் அந்த ஊரை நின்று பார்த்ததில்லை. அண்மையில் மலேசியாவிலிருந்து வந்த நண்பர் ஒருவர் மாணிக்கச் சுரங்கம் பார்க்க ஆசைப்பட்டதால், நானும் அவரோடு சேர்ந்து உல்லாசப் பயணியானேன்.

கொழும்பிலிருந்து சுமார் 100 கிலோமீற்றர் தூரத்திலுள்ள இவ்வூரின் பெயரே இதன் தொழிலைச் சொல்லும். 1344இல் இலங்கை வந்து பாவா ஆதம் மலை ஏறிய இப்னு பதூதா, இந்நாட்டு மாணிக்கங்களைப் பற்றியும் எழுதி வைத்திருக்கிறார். இக்கற்களின் வியாபாரத்தில் நம்மவர்களின் பங்கு எவ்வளவு பழைமையானது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வயலோரத்தில் ஒரு குழியைப் பார்த்தோம். மரங்களால் முட்டுக்கொடுத்து, மண் சரியாதபடி இடையிடையே தழைகளைச் செருகியிருந்தார்கள். பம்பு ஓயாமல் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தது. அடியிலிருந்து 'இல்லம்' எனப்படும் சரளை மண்ணை மேலே எடுத்து, கூடையிலிட்டுத் தண்ணீரில் சுழற்றிக் கழுவினார்கள். இத்தகைய குழிகளில் பெரும்பாலும் நாட்கூலி கிடையாது. காணிக்காரர், அனுமதிப்பத்திரக்காரர், பம்புக்காரர், தொழிலாளர் என எல்லோருக்கும் பங்குதான். அதனால் பங்காளிகளின் கண் முன்னால்தான் மண் கழுவப்படுகிறது. ஒருவர் மற்றவரிடம் எதையும் மறைக்க முடியாத ஏற்பாடு அது. என் நண்பர் இதை வெகுவாகப் பாராட்டினார்.

அதன் பின்னர் சாரதி எங்களை ஒரு கடைக்கு அழைத்துச் சென்றார். நண்பருக்கு ஒரு நீலக்கல் பிடித்துப் போயிற்று. சூடேற்றாத கல் என்றார் விற்பனையாளர். "அதைப் பற்றுச்சீட்டில் எழுதித் தருவீர்களா?" என்று நண்பர் கேட்டார். விற்பனையாளர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி பேச்சை விலைக் கழிவுக்கு மாற்றினார். நண்பர் ஸலாம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

கல்லைச் சூடேற்றுவது குற்றமல்ல. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் நமது பால் நிறக் கெவுடாக் கற்களை மலிவாக வாங்கிச் சென்று, கடும் வெப்பத்தில் நீலமாக்கிப் பெரும் பணம் பார்த்தார்கள். பிறகு நம்மவர்களும் அதைக் கற்றுக்கொண்டார்கள். இன்று உலகச் சந்தையில் விற்பனையாகும் நீலக்கற்களில் பெரும்பாலானவை சூடேற்றப்பட்டவையே. சொல்லி விற்றால் அது நேர்மையான வியாபாரம். சொல்லாமல் சூடேற்றாத கல்லின் விலைக்கு விற்றால் அதற்கு வேறு பெயர்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரமிருக்கக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். கல்லின் சூடும் அந்தத் தானியத்தின் ஈரம் போன்றதுதான்.

"எல்லாவற்றையும் சொன்னால் வியாபாரம் நடக்காது" என்று சிலர் சொல்வார்கள். நான் பார்த்தது அதற்கு நேர்மாறு. சொல்லாததால்தான் அன்று வியாபாரம் நடக்கவில்லை. வெளிநாட்டவர் ஊருக்குத் திரும்பி ஆய்வுகூடத்தில் கல்லைக் காட்டினால் உண்மை வெளிவந்துவிடும். அப்போது கெடுவது ஒரு கடையின் பெயர் மட்டுமல்ல, இலங்கைக் கல்லின் பெயரும் முஸ்லிம் வியாபாரியின் பெயரும்தான். சாரதிக்குக் கொடுக்கும் கொமிஷன் ஒரு தடவைதான் ஆளைக் கொண்டுவரும். அவர் மறுபடி வருவதும் இன்னொருவரை அனுப்புவதும் நம்பிக்கையால்தான்.

இதற்குப் பெரிய முதலீடு எதுவும் தேவையில்லை. சூடேற்றியதா இல்லையா, நிறை எவ்வளவு என்று பற்றுச்சீட்டில் எழுதிக் கையொப்பமிட்டால் போதும். விலை உயர்ந்த கல்லானால் ஆய்வுகூட அறிக்கையும் கொடுக்கலாம். கல் வியாபாரிக்கு மட்டுமல்ல, துணி, தேன், கருவா விற்பவர்களுக்கும் இது பொருந்தும்.

குழியடியில் சேற்றில் நிற்கும் ஏழைத் தொழிலாளி எல்லோர் முன்னிலையிலும் மண்ணைக் கழுவிக் காட்டுகிறான். குளிரூட்டிய கடையில் அமர்ந்திருக்கும் நமக்கு ஒரு வரி எழுதுவதா கஷ்டம்?