மூணு நாளும் ஒரே ஊரா என்று கேட்டவர்களுக்கு

மொராக்கோவின் ஃபெஸ் நகரிலிருந்து நான் போட்ட நாலு படத்துக்குக் கீழே ஒரே கேள்வி. "சார், அவ்வளவு தூரம் போய் மர்ராகேஷ் பார்க்கலையா? சஹாரா போகலையா?" கேட்டவர்களில் பாதிப்பேர் என்னிடம் வரலாறு படித்தவர்கள். பதில் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

ஆமாம், மூணு நாளும் ஒரே ஊர்தான். அதிலும் பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

போன வருடம் வேறொரு நாட்டுக்கு, "9 நாளில் 7 நகரம்" என்று ஒரு குழுவோடு போனோம். விடிகாலை 5 மணிக்குப் பெட்டி அறை வாசலில் இருக்க வேண்டும். நாலாம் நாள் என் மனைவிக்குக் கால் வீங்கிப்போய், கோட்டை வாசல் வரை வந்தவர் பேருந்திலேயே இருந்துவிட்டார். நான் மட்டும் உள்ளே ஓடி இருபது நிமிடத்தில் நாற்பது படம் எடுத்து வந்தேன். இன்று எடுத்துப் பார்த்தால் எது எந்த ஊர் என்றே தெரியவில்லை. ஓய்வூதியப் பணம் ஐயா அது!

ஃபெஸ்ஸின் பழைய நகரத்துச் சந்துகளில் கார் நுழையாது. கேஸ் சிலிண்டர்கூட கழுதை முதுகில்தான் வருகிறது. ஓட்டுகிறவர் "பாலக், பாலக்" என்று கத்தினால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இரண்டாம் நாள் ஒரு தெரு அடுப்புக்குப் பக்கத்தில் புதினா டீயோடு உட்கார்ந்தோம். வீடுகளில் பிசைந்த மாவைத் தட்டில் வைத்துப் பிள்ளைகள் கொண்டுவருகிறார்கள். எந்த ரொட்டி எந்த வீட்டுடையது என்று அடுப்புக்காரர் குழம்பவே இல்லை. "தீபாவளிக்கு முன்னால் பேக்கரியில் மாவு கொடுத்து பிஸ்கட் போட்டு வாங்குவோமே, அதே மாதிரி" என்றார் என் மனைவி. போன வருடப் பயணத்தில் அவர் வாயிலிருந்து "எப்ப ரூமுக்குப் போவோம்" தவிர எதுவும் வரவில்லை.

குழுக்கள் அங்கேயும் வருகின்றன. கொடி பிடித்த வழிகாட்டிக்குப் பின்னால் முப்பது பேர். நீல ஓடு பதித்த பூ ஜெலூத் வாசலில் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அது பிரெஞ்சுக்காரர் ஆட்சி வந்தபின் 1913-இல் கட்டியது. அங்கிருந்து சில நிமிட நடையில் 14-ஆம் நூற்றாண்டு பூ இனானியா மதரஸா. அதற்கு நேரமில்லை, தோல் பதனிடும் இடத்துக்கு ஓட வேண்டும். அங்கே மாடியில் நின்று, நாற்றத்துக்குப் புதினாக் கொத்தை மூக்கில் வைத்துக்கொண்டு செல்ஃபி. கீழே சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்த தொட்டிகளில் மனிதர்கள் இறங்கி வேலை செய்கிறார்கள். அவர்கள் பிழைப்பு நமக்குப் பத்து நிமிட வேடிக்கை. நானும் புதினாவை மூக்கில் வைத்தவன்தான், மறைக்கவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

"ஒரே தடவைதான் போக முடியும், எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டாமா?" என்கிறார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் பேருந்து ஜன்னலில் கடந்துபோவதைப் பார்த்ததாகக் கணக்கு வைக்க முடியாது.

"இப்னு பதூதா ஊர் ஊராய்ச் சுற்றினாரே" என்று ஒரு பழைய மாணவர் மடக்கியிருக்கிறார். தம்பி, 1325-இல் கிளம்பியவர் அலைந்து முடிக்க 29 வருடம் ஆனது. டில்லியில் மட்டும் பல வருடம் காஜியாக இருந்தார். நம் மதுரைக்கும் வந்து, அங்கே பரவிய கொள்ளைநோயையும் சுல்தானின் கொடுமையையும் சொன்னவர். அத்தனையையும் அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸய் என்பவர் எழுதி 1355-இல் முடித்தது இதே ஃபெஸ்ஸில்தான். எழுதச் சொன்ன சுல்தான் அபூ இனான் கட்டியதுதான் அந்த மதரஸா. வகுப்பில் இதையெல்லாம் ஒரு மதிப்பெண் கேள்வியாக ஓட்டிவிட்டேன். அந்த முற்றத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. டிசம்பருக்கு "10 நாள், 8 நகரம்" என்று நீங்கள் போட்டிருக்கும் பட்டியலில் எங்கள் இரண்டு பேர் பெயரையும் எடுத்துவிடுங்கள். முன்பணம் திரும்பாது என்றால் போகட்டும்.