பாகூருக்கு ஒரு கால்பந்துப் பருவம் வேண்டும்

போலந்தின் தெற்கே, தர்னுவ் நகரத்துக்கு அருகில், விளைநிலங்களுக்கு நடுவே நெச்சேச்சா என்றொரு கிராமம் இருக்கிறது. அங்கே குடியிருப்பவர்கள் ஏறக்குறைய 750 பேர். நம் புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் அதைவிடப் பெரிய ஊர்கள் பல உண்டு. அந்தக் கிராமத்துக் கிளப், 2025 ஜூலையில் தொடங்கிய எக்ஸ்ட்ராகிளாசா சீசனில் இடம் பிடித்தது. எக்ஸ்ட்ராகிளாசா போலந்தின் உச்சநிலை லீக்: 18 அணிகள், 34 சுற்றுகள், மொத்தம் 306 ஆட்டங்கள். தலைநகரத்து லேகியா வார்சாவும் போஸ்னான் நகரத்து லெக்கும் அந்த ஊருக்கு வந்து ஆடித்தான் ஆக வேண்டியிருந்தது. 2015இல் முதல்முறையாக உச்ச லீகுக்கு ஏறிய அணி அது. 2018இல் கீழே இறங்கியது. 2021இல் மறுபடி ஏறி, அடுத்த ஆண்டே இறங்கியது. 2025இல் மூன்றாம் முறை ஏறியது.

அதே ஜூலையில் நம் நாட்டின் உச்ச லீக் நின்றுபோனது. இந்தியன் சூப்பர் லீகின் அடித்தளமாக இருந்தது 2010இல் கையெழுத்தான 15 ஆண்டு ஒப்பந்தம். அது 2025 டிசம்பரில் முடிய இருந்தது. அதைப் புதுப்பிப்பது பற்றி முடிவு எட்டப்படாததால், லீகை நடத்திவந்த எஃப்.எஸ்.டி.எல். நிறுவனம் 2025-26 சீசனை நிறுத்திவைத்தது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் பணிகளைத் தற்காலிகமாக நிறுத்தியது, பெங்களூரு எஃப்.சி. முதல் அணியின் சம்பளத்தை நிறுத்திவைத்தது. நவம்பரில் லீகின் வணிக உரிமைக்கான டெண்டர் கெடு முடிந்தபோது ஒரு நிறுவனம்கூட விண்ணப்பித்திருக்கவில்லை. 2026 ஜனவரியில் ஒன்றிய விளையாட்டு அமைச்சர் மன்சுக் மாண்டவியா தலையிட்டு அறிவித்த பிறகே வழி பிறந்தது. பிப்ரவரி 14 தொடக்கம், 14 அணிகள், ஒரே சுற்று, 91 ஆட்டங்கள் என்று முடிவானது. முந்தைய சீசனில் லீக் கட்டத்தில் மட்டும் 156 ஆட்டங்கள் நடந்திருந்தன.

இதை டெல்லிக்கும் மும்பைக்கும் இடையிலான விவகாரமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால், இதில் அதிகம் இழப்பது புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில், கூடப்பாக்கத்திலும் சேலியமேட்டிலும் பள்ளி விட்டதும் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் பிள்ளைகள்தான் என்பது என் உறுதியான எண்ணம். அடுத்த ஆண்டும் இதே ஆட்டம் நடக்கும், இந்த ஆண்டு ஜெயித்தால் அடுத்த ஆண்டு ஒரு படி மேலே போகலாம் என்ற உறுதிதான் ஒரு சீசன் தரும் பெரிய பொருள். கோப்பை அதற்குப் பிறகுதான். அந்த உறுதி போலந்தில் ஒரு குக்கிராமம் வரை இறங்கியிருக்கிறது. இங்கே அது உச்சியிலேயே இல்லை.

2018-19 சீசனை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு போலந்தில் பட்டம் வென்றது கிளிவிட்செ என்ற நடுத்தர நகரத்தின் பியாஸ்ட் கிளப். இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல், கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்த மக்கள் தொடங்கிய கிளப் அது. அதன் முதல் சாம்பியன் பட்டம் அதுதான். அதே சீசனில் ஐ-லீக் என்ற தேசிய லீகின் பட்டத்தை வென்றது நம் சென்னை சிட்டி எஃப்.சி. 1946இல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற பெயரில் தொடங்கப்பட்ட அணி. தமிழ்நாட்டிலிருந்து ஒரு கிளப் ஐ-லீகை வென்றது அதுவே முதல்முறை. 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு விளையாட்டரங்கில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று தோற்கடித்து, 43 புள்ளிகளோடு முடித்தார்கள். ஈஸ்ட் பெங்காலுக்கு 42. சிங்கப்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ், கோல் மழை பொழிந்த பெட்ரோ மான்சி, எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் என்று அந்த அணியை நினைத்தால் இன்றும் மனம் பூரிக்கிறது. சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் கிளப் 26 சதவீதப் பங்கை வாங்கும் அளவுக்கு அதன் பெயர் வளர்ந்தது.

பியாஸ்ட் பட்டம் வென்றபின் ஆறு ஆண்டுகள் கழித்தும் அதே உச்ச லீகில் ஆடிக்கொண்டிருந்தது. சென்னை சிட்டி 2021-22 ஐ-லீக் பட்டியலிலேயே இல்லை. பட்டம் வென்று மூன்றே ஆண்டுகளில் தமிழ்நாட்டின் சாம்பியன் கிளப் ஆட்டக் களத்திலிருந்து மறைந்துவிட்டது. கோவையில் அந்த மாலையில் கூச்சலிட்ட பிள்ளைகளுக்கு இன்று ஆதரிக்க ஓர் அணி இல்லை.

போலந்திலும் கிளப்புகள் நொடிக்கின்றன. அங்கே 2005இலிருந்து வெளிவந்த ஆட்ட ஊழலில் பல கிளப்புகள் தண்டனையாகக் கீழே இறக்கப்பட்டன. வுட்ச் நகரத்தின் விட்ஸெவ், நான்கு முறை தேசிய சாம்பியன். 1983இல் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி வரை போன அணி. 2015இல் அது திவாலானது. ஆனால் அதோடு முடியவில்லை. ஆதரவாளர்கள் அதை மறுபடி எழுப்பி, ஐந்தாம் நிலை லீகில் ஊர்ப்புற அணிகளோடு ஆடவிட்டார்கள். மூன்றாம் நிலையில் ஆடிய காலத்திலேயே 16,000க்கும் அதிகமான சீசன் டிக்கெட்டுகள் விற்றன. 2022இல் அணி எக்ஸ்ட்ராகிளாசாவுக்குத் திரும்பியது. விழுந்தவர்கள் மறுபடி தொடங்க அங்கே ஒரு கீழ்ப்படி இருந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. சென்னை சிட்டி விழுந்தபோது அப்படித் தாங்கிப் பிடிக்கும் படி எதுவும் இல்லை. நம் சூப்பர் லீகில் 2014 தொடங்கி 2024-25 வரை ஓர் அணியும் கீழே இறங்கியதில்லை. 2023இல்தான் முதல்முறையாக, ஐ-லீக் வென்ற பஞ்சாப் அணி மேலே ஏறியது.

அந்தக் கீழ்ப்படியை அங்கே கட்டியவர்கள் யார்? போலந்தின் அடிமட்ட நிர்வாக அலகு நம் கொம்யூனைப் போன்ற ஒன்று. 1990ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் விளையாட்டுத் திடல்களை அந்த அலகின் சொந்தக் கடமையாகவே எழுதிவைத்திருக்கிறது. யூரோ 2012 போட்டியை உக்ரைனோடு சேர்ந்து நடத்தும் பொறுப்பு கிடைத்ததும், பெரிய விளையாட்டரங்கங்களோடு நிறுத்திக்கொள்ளாமல் ‘ஓர்லிக் 2012’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். மைய அரசு, மாகாணம், உள்ளாட்சி மூன்றும் செலவைப் பகிர்ந்துகொண்டு, நான்கைந்து ஆண்டுகளில் 2,604 ஊர்த் திடல்களை விளக்கு வெளிச்சத்தோடு கட்டி முடித்தன. நாம் 2017இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை நடத்தினோம். அதன் பயனாக ஒரு திடல்கூட வில்லியனூர் கொம்யூனுக்கு வரவில்லை.

புதுச்சேரியின் கொம்யூன்கள் பிரெஞ்சு ஆட்சியின் 1880ஆம் ஆண்டு ஆணையால் பிறந்தவை. இன்று அவை 1973ஆம் ஆண்டின் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. அந்தக் கொம்யூன்களுக்கு 1968க்குப் பிறகு 2006இல்தான் தேர்தல் நடந்தது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2011இல் முடிந்தது. அடுத்த தேர்தல் நடக்கவில்லை. 2021இல் அறிவிக்கப்பட்டும் நின்றுபோனது. ஊர்த் திடலில் வண்டி நிறுத்துகிறார்கள், கட்டட மண் கொட்டுகிறார்கள் என்றால், யாரிடம் போய்ச் சொல்வது? அதிகாரி மாறிக்கொண்டே இருப்பார். ஓட்டுக் கேட்டு வர வேண்டிய உறுப்பினர் இல்லை. கால்பந்தைப் பற்றி எழுதும்போது உள்ளாட்சித் தேர்தலை எழுதுவதற்குக் காரணம் இதுதான். திடலைக் காக்கும் முதல் ஆள் வார்டு உறுப்பினர்.

அரசமைப்புச் சட்டத்திலும் ஒரு குறை இருக்கிறது. நகராட்சிகளுக்கான பன்னிரண்டாவது அட்டவணையில் விளையாட்டுத் திடல் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. கிராமப் பஞ்சாயத்துகளுக்கான பதினோராவது அட்டவணையின் 29 பொருள்களில் அது இல்லை. நூலகம் இருக்கிறது, சந்தை இருக்கிறது, கலாசார நடவடிக்கை இருக்கிறது, விளையாட்டு இல்லை. கிராமத்தில்தான் வெற்றிடம் ஏராளம் என்று எழுதியவர்கள் நினைத்திருக்கலாம். மனைகளாகிக்கொண்டிருக்கும் ஒதியம்பட்டையும் அரும்பார்த்தபுரத்தையும் இன்று பார்ப்பவர்கள் அப்படி நினைக்க முடியாது.

மேல்நிலை அமைப்பில் ஓர் இடம் கிடைத்தால் கிராமத்து மண்ணில் என்ன நடக்கும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம்கூட வேண்டாம். வில்லியனூருக்கு வடக்கே துத்திப்பட்டில் புதுச்சேரி கிரிக்கெட் சங்கத்தின் சீக்கெம் மைதானம் இருக்கிறது. அதே 2018-19 சீசனில்தான் புதுச்சேரி முதல்முறையாக ரஞ்சிக் கோப்பையில் ஆடியது. அதற்குப் பிறகு முதல்தர ஆட்டக்காரர்கள் நம் கிராமச் சாலையில் வந்து இறங்குகிறார்கள். சுற்றுவட்டாரத்துப் பையன்களுக்கு ‘இங்கே ஆடினால் அங்கே போகலாம்’ என்று கையால் சுட்டிக்காட்ட ஓர் இடம் இருக்கிறது. ஆண்டுதோறும் தவறாமல் வரும் ஓர் அட்டவணையின் பலன் இது.

கால்பந்தில் நம் கிராமங்களுக்குத் தெரிந்தது ‘டோர்னமென்ட்’ மட்டும். பொங்கலை ஒட்டியோ கோடை விடுமுறையிலோ ஒரு நினைவுக் கோப்பை, தோற்றால் வெளியே. 16 அணிகள் வந்தால் மொத்தம் 15 ஆட்டம். அவற்றில் எட்டு அணிகள் ஒரே ஆட்டத்தோடு வீடு திரும்பும். பிள்ளை ஓர் ஆண்டு முழுக்கப் பயிற்சி எடுத்து, ஒரு மணி நேரம் ஆடி, ஒரு தவறில் எல்லாம் முடிந்துபோகிறது. இதில் ஆட்டக்காரன் வளர மாட்டான். பாகூர் கொம்யூனில் பாகூர், சேலியமேடு, குருவிநத்தம், பரிக்கல்பட்டு, கிருமாம்பாக்கம் என்று பத்து ஊர் அணிகள் சேர்ந்து, ஒவ்வோர் அணியும் மற்ற அணியோடு இரண்டு முறை ஆடினால் 90 ஆட்டங்கள் வரும். ஒவ்வோர் அணிக்கும் 18. குறைக்கப்பட்ட சூப்பர் லீகில் ஓர் அணிக்குக் கிடைத்ததோ 13 ஆட்டம்தான். பாகூர்ப் பையன் சென்னையின் வீரரைவிட அதிக ஆட்டம் ஆடலாம் என்பது கனவல்ல. பத்து அணிகளும் ஒரு திடலும் இருந்தால் நடக்கக் கூடியது.

எப்போது ஆடுவது? போலந்தில் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடியும்வரை பனிக்காக ஆட்டத்தை நிறுத்துகிறார்கள். நமக்கு அந்த ஓய்வு வடகிழக்குப் பருவமழைக்கு. ஐப்பசி, கார்த்திகையில் பாகூர் ஏரி நிரம்பும்போது திடலும் சேறாகிவிடும். சம்பா அறுவடை முடியும் தை மாதத்தில் தொடங்கி, வாரம் இரண்டு நாள் மாலையில் ஆடினால், அக்னி நட்சத்திரத்துக்கு முன்பே பாதிச் சீசன் முடிந்துவிடும். கோடை தணிந்தபின் ஆடி, ஆவணியில் மீதியை முடிக்கலாம். பொதுத்தேர்வு நடக்கும் வாரங்களில் ஆட்டமே கூடாது. இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர்கள் நம் ஊர் உடற்கல்வி ஆசிரியர்கள். அவர்களைக் கேட்காமல் புதுச்சேரி நகரத்து உப்பளத்தில் உட்கார்ந்து அட்டவணை போட்டால் அது நிற்காது.

பணம் பற்றிய கேள்வி நியாயமானது. நெச்சேச்சாவைப் பற்றி முழு உண்மையையும் சொல்லிவிட வேண்டும்: அது ஊர்மக்களின் உற்சாகத்தால் மட்டும் மேலே போன அணி அல்ல. கான்கிரீட் கற்கள் தயாரிக்கும் ‘புரூக்-பெட்’ என்ற உள்ளூர் நிறுவனம் அதற்குப் பின்னால் நிற்கிறது. அணியின் பெயரே புரூக்-பெட் தெர்மாலிட்சா. துத்திப்பட்டு மைதானத்தின் பெயரிலும் ஒரு நிறுவனம் இருக்கிறது. நம் இரண்டு கொம்யூன்களிலும் நிறுவனங்களுக்குக் குறைவில்லை. சேதராப்பட்டிலும் கிருமாம்பாக்கத்திலும் தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் பக்கம் தனியார் மருத்துவக் கல்லூரிகள் பெரிய வளாகங்களோடு நிற்கின்றன. 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் சமூகப் பொறுப்பு நிதியைச் செலவிடக்கூடிய பணிகளில் கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியையும் வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது. கேட்க ஓர் அமைப்பு இருந்தால் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால், ஒரு நிறுவனத்தையே முழுவதும் நம்பிய அணி அந்த நிறுவனத்தோடு சாயும். எனவே திடல் கொம்யூனின் சொத்தாகவே இருக்க வேண்டும். பந்து, சீருடை, நடுவர் சம்பளம், ஆம்புலன்ஸ் ஆகியவற்றுக்கு நிறுவனங்களின் நிதியைக் கேட்கலாம்.

பாகூருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. தென்பெண்ணையைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். இரு கரைப் பிள்ளைகளும் பொங்கல் டோர்னமென்டில் ஒருவரோடு ஒருவர் ஆடி வளர்பவர்கள். ஆனால் சங்கப் பதிவு என்று வந்தால் ஒருவன் புதுச்சேரி, மற்றவன் தமிழ்நாடு. இதைத் தடையாகப் பார்க்காமல், இரண்டு சங்கங்களும் பேசி, கொம்யூன் லீகில் வெல்லும் அணிக்கும் கடலூர்ப் பக்கத்து அணிக்கும் ஆண்டுக்கு ஒரு தொடர் வைத்தால், ஆட்டத்தின் தரமும் கூட்டமும் இரண்டும் உயரும். கன்னியாகுமரிக் கடற்கரையில் தூத்தூர், இரவிபுத்தன்துறை போன்ற மீனவ ஊர்கள் பக்கத்து ஊரோடு ஆடி ஆடித்தான் மைக்கேல் சூசைராஜ் போன்றவர்களைத் தேசிய லீகுக்கு அனுப்பின. அங்கே கடற்கரையும் ஊர்ப் பற்றும் செய்ததை இங்கே ஓர் அட்டவணை செய்ய முடியும்.

முதலில் செய்ய வேண்டியவை மூன்று. வில்லியனூர், பாகூர் கொம்யூன் அலுவலகங்கள் தங்கள் எல்லையிலுள்ள திடல்களை அளந்து, புல எண்ணோடு பட்டியலிட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். கல்வித் துறை அரசு மேல்நிலைப் பள்ளி மைதானங்களை மாலை ஐந்து மணிக்குமேல் ஊர் அணிகளுக்குத் திறந்துவிடட்டும். புதுச்சேரிக் கால்பந்துச் சங்கம் கொம்யூன் லீகை வென்றவர்கள் அடுத்த ஆண்டு எந்த லீகில் ஆடுவார்கள், கடைசியில் வருபவர்கள் எங்கே போவார்கள் என்று முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுத்தில் தரட்டும். பெண்கள் அணிக்கும் அதே திடல், அதே மாலைகள், அதே எண்ணிக்கையில் ஆட்டங்கள் என்பதும் அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும். முதல் சீசனின் கடைசி ஆட்டத்தன்று, பரிசு கொடுப்பதற்கு முன்னால், இரண்டாம் சீசன் தொடங்கும் தேதியை ஒலிபெருக்கியில் சொல்லிவிட வேண்டும்.